தனி ஆளுக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள்

நவம்பர் 20, 2024, புதன் – சியோல்

கொரியாவில் வந்து இறங்கிய முதல் நாளே இரண்டு சாப்பாட்டுக் கடைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டேன்.

ராத்திரி ஏழு மணி, குளிர் நாலைந்து டிகிரி. சந்துக்குள் ஆறே மேசை உள்ள சின்னக் கடை. மேசைக்கு நடுவில் கரி அடுப்பு, மேலே புகைபோக்கி, உள்ளே பன்றிக்கறி வேகும் வாசனை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒரு விரலைக் காட்டி "ஹொன்ஜா?" என்றார். தனியாகவா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. நானும் பெருமையாக ஒரு விரலைக் காட்டினேன். உடனே இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் பெருக்கல் குறி மாதிரி வைத்து "ஆன் தேயோ" என்றார். முடியாதாம். சுவரில் பட்டியலுக்குக் கீழே எழுதியிருந்ததைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தேன். குறைந்தது இரண்டு பேர் சாப்பாடு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம்தான். ஒருத்தன் வந்தாலும் கரியை மூட்ட வேண்டும், தொட்டுக்கொள்ள ஏழெட்டுக் கிண்ணம் வைக்க வேண்டும், அந்தக் கிண்ணங்கள் காலியானால் காசு வாங்காமல் திரும்ப நிரப்ப வேண்டும். நாலு பேர் உட்காரும் மேசையை ஒரு மணி நேரம் ஒருத்தனுக்குக் கொடுத்தால் கல்லாவில் என்ன மிஞ்சும்? ஆனால் பசியில் நியாயம் பேச முடியுமா.

அடுத்த கடையிலும் அதே பெருக்கல் குறி. அங்கே கூடுதலாக ஒரு முறைப்பு. டிவி சீரியலில் கேட்ட ஞாபகத்தில் "அஜும்மா" என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். அது ஏன் தப்பு என்று மறுநாள்தான் தெரிந்தது.

பதினோரு வருஷமாக இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கார் கம்பெனியை நம்பி அங்கே வந்த கொரியர்கள் நிறைய, அவர்களை நம்பி வந்த கொரிய உணவகங்களும் ஸ்ரீபெரும்புதூரில் உண்டு. ஆபீஸ் விருந்துகளில் அங்கே சாப்பிட்டுவிட்டு, கொரியச் சாப்பாடு எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கெல்லாம் கும்பலாகப் போனோம் என்பதுதான் மறந்துவிட்டது. இந்தத் தடவை மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, மனைவி வரவில்லை. சேர்த்து வைத்த லீவு வீணாகிறதே என்று நான் மட்டும் கிளம்பிவிட்டேன்.

கடைசியில் குவாங்ஜாங் சந்தை காப்பாற்றியது. 1905இல் தொடங்கிய சந்தை. மேலே கூரை, நடுவில் நீளமாகச் சாப்பாட்டுக் கடைகள். ஒருத்தர் போதும், பெஞ்சில் ஒரு இடம் கிடைக்கும். பெஞ்சில் உட்கார்ந்ததும் துள்ளி எழுந்தேன். பலகைக்குக் கீழே மின்சாரச் சூடு! பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். உட்கார்ந்து பழகியபின் எழவே மனசில்லை.

அங்கே பிந்தேத்தொக் என்று ஒன்று. பாசிப்பருப்பை ஊறவைத்து, மோட்டார் வைத்துச் சுற்றும் கல் எந்திரத்தில் கண்ணெதிரே அரைக்கிறார்கள். மாவில் முளைப்பயறும், காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசான கிம்சியும் கலந்து, தட்டையான கல்லில் எண்ணெய் குளம் கட்டி நிற்க, கரண்டியால் ஊற்றிப் பரப்புகிறார்கள். அடைதான். நம் அம்மாக்கள் ஒரு ஸ்பூன் எண்ணெய்க்கு யோசிப்பார்கள், இங்கே பொரிக்கவே செய்கிறார்கள். ஓரமெல்லாம் முறுக்கு, நடுவில் மெத்து. ஒன்று 5,000 வொன். ஆயிரம் வொன் நம் கணக்கில் சுமார் 60 ரூபாய், ஆக 300 ரூபாய்க்கு ஒரு அடை. சோயா சாஸில் ஊறிய வெங்காயத்தைத் தனியாக எடுத்துக் கடித்தேன். கடைக்கார அம்மா என் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி, வெங்காயத்தை அடைத்துண்டின் மேல் வைத்து, அதையே என் வாய்ப் பக்கம் நீட்டி, குச்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதன்பின் எட்டு நாளும் யாராவது ஒருத்தர் திருத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

நவம்பர் 21, வியாழன் – சியோல்

காலையில் டாக்ஸி. அறுபத்தைந்து வயது இருக்கும் டிரைவர், வெள்ளைக் கையுறை. போனை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அவர் கொரியனில் பேச அது இங்கிலீஷில் ஒப்பித்தது. முதல் கேள்வியே "பாப் மொகொஸ்ஸொயோ?" சோறு சாப்பிட்டாயா என்று. அங்கே அது நலம் விசாரிக்கிற மாதிரி. நான் நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்து, நேற்று இரண்டு கடையில் துரத்தப்பட்ட கதையைச் சொல்லிவிட்டேன். அரண்மனைக்குப் போக வேண்டிய வண்டியை வேறு பக்கம் திருப்பினார்.

கொண்டுபோய் நிறுத்திய இடம் கிஸா ஷிக்தாங். அதாவது டிரைவர் மெஸ். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் தனியாகத்தானே வருவார்கள்! அங்கே உள்ளே நுழைந்தால் எல்லா மேசையிலும் ஒவ்வொருத்தர், எல்லோரும் சுவரில் ஓடும் டிவியைப் பார்த்துக்கொண்டு. என் டிரைவரும் இறங்கி வந்தார். கூட உட்காருவார் என்று எதிர் நாற்காலியை இழுத்து வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கோபம் இல்லை. அவருக்கு அது சாப்பாட்டு வேளை, அவ்வளவுதான்.

உட்கார்ந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, தட்டு வந்துவிட்டது. காரச்சாந்தில் புரட்டி வறுத்த பன்றிக்கறி (சாப்பிடுவேன், வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது), சோயா விழுது கரைத்த சூப், மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு, சுற்றி ஏழு கிண்ணம். அதில் ஒன்றைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. நெத்திலிக் கருவாடு! பொடி நெத்திலியை வறுத்து, பாகில் புரட்டி, எள் தூவியிருந்தார்கள். கருவாட்டில் இனிப்பா என்று முதல் வாயில் முகம் சுளித்தேன். மூன்றாவது வாயில் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டேன்.

சினிமாவில் பார்த்த மாதிரி சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குச்சியால் தள்ளிச் சாப்பிடப் போனேன். பரிமாறுகிறவர் வந்து என் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டினார். கிண்ணத்தை மேசையில் வை. சோற்றுக்கும் சூப்புக்கும் ஸ்பூன், மற்றதற்குக் குச்சி. தூக்கிச் சாப்பிடுவது ஜப்பான் பழக்கமாம், இங்கே அது மரியாதைக் குறைவு. எவர்சில்வர் கிண்ணம் சுட்ட சூட்டில் நானே கீழே வைத்திருப்பேன், அது வேறு.

காசு கொடுக்கும் இடத்தில் டிரைவர் இன்னொரு பாடம் எடுத்தார். கடையில் வேலை செய்யும் அம்மாவை அஜும்மா என்று கூப்பிட்டால் "ஏ பொம்பளே" என்கிற மாதிரி ஒலிக்குமாம். "இமோ" என்று சொல். இமோ என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள். நம் சித்தி, பெரியம்மா. அப்பாவின் தங்கைக்கு வேறு சொல், கோமோ. அத்தை வேறு சித்தி வேறு என்று பிரித்து வைத்திருக்கும் ஊர் என்றதும் எனக்குப் பிடித்துப்போனது. அம்மா–அப்பா சொல் ஒற்றுமையைப் பற்றி வாட்ஸப்பில் வருகிற கதைகளை விட்டுவிடுகிறேன். ஆனால் கல்லாவில் இருந்தவரைப் பார்த்து ஒரு பையன் "அப்பா!" என்று கூவியபோது நான் திரும்பிப் பார்த்தது உண்மை.

சாப்பாடு 11,000 வொன். வாசலில் மெஷின் காபி சும்மா. டிப்ஸ் என்று மேசையில் வைத்த சில்லறையை இமோ வாசல்வரை ஓடி வந்து கையில் திணித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 22, வெள்ளி – ஜியோன்ஜு

சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர். 2012இல் யுனெஸ்கோ உணவு நகரம் என்று பட்டம் கொடுத்திருக்கிறது. ஓட்டு வீடுகள் நிறைந்த ஹனோக் கிராமம் அழகுதான், ஆனால் வாடகைக்கு உடை எடுத்துப் படம் பிடிக்கும் கூட்டம். அதற்குள்ளேயே பெரிய கடை ஒன்றில் பிபிம்பாப் சாப்பிட்டேன். பித்தளை மாதிரி மின்னும் கனமான கிண்ணம், மஞ்சள் நிறத்தில் பாசிப்பயறு ஜெல்லி, வண்ணம் வண்ணமாகக் காய். 15,000 வொன். ஸ்பூனால் பிசையப் போனவனைச் சர்வர் பையன் நிறுத்தி, குச்சியால் கிளறச் சொன்னான். ஸ்பூன் சோற்றை நசுக்கிவிடுமாம். ருசியாக இருந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. யாரோ யாருக்காகவோ சமைத்தது.

ராத்திரி தரையில் மெத்தை. தரைக்கு அடியில் சூடு ஓடுகிறது. ஒரு பக்கம் தோசை வெந்ததும் திருப்பிப் போடுவது மாதிரி விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன்.

நவம்பர் 23, சனி – ஜியோன்ஜு

காலை ஏழு மணிக்கு நாம்பு சந்தை. கோங்நாமுல் குக்பாப், அதாவது முளைவிட்ட சோயாப் பயறு போட்ட சூப் சோறு. முதல் நாள் குடித்தவர்கள் மறுநாள் காலையில் தெளிவதற்குச் சாப்பிடுவது. எட்டுப் பேர் உட்காரும் கடை. அடுப்புக்கு எதிரே பலகை போட்டிருந்தார்கள், எனக்கு முன்வரிசை.

இமோ செய்ததை அப்படியே சொல்கிறேன். மண்சட்டியில் ஆறின சோறு. அதன்மேல் அண்டாவிலிருந்து கொதிக்கும் சூப்பை ஒரு கரண்டி ஊற்றினார். கரண்டியின் முதுகால் சோற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு சட்டியைச் சாய்த்து, சூப்பை அண்டாவுக்கே வடித்தார். மறுபடி ஊற்றினார், மறுபடி வடித்தார். நாலு தடவை. பாட்டி கஞ்சி வடிக்கும்போது தட்டை அணைத்துப் பிடிக்கும் அதே கைச்சாய்ப்பு. இதற்குத் தோர்யொம் என்று பேர். சோற்றைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி இல்லாத காலத்தில் ஆறின சோற்றுக்கு உயிர் கொடுக்கக் கண்டுபிடித்த வேலை. இப்போது பெட்டி இருக்கிறது, ஆனாலும் விடவில்லை. ஏனென்று ஒரு வாய் வைத்ததும் தெரிந்தது. சோறு பருக்கை பருக்கையாக நிற்கிறது, உள்ளே வரை சூப் ஏறியிருக்கிறது, நாக்கும் சுடவில்லை.

கடைசி ஊற்றுக்கு முன்னால் ஒரு பூண்டுப் பல்லை எடுத்துக் கத்தியின் பிடியால் பலகையில் ஒரே அடி. பச்சை மிளகாய் நாலு வெட்டு. வெங்காயத்தாள். எல்லாம் ஆர்டர் கொடுத்த பின்னால்தான். நறுக்கி வைத்தது என்று அந்தக் கடையில் எதுவுமே இல்லை.

கூடவே சின்னக் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை இரண்டு. எனக்குத் தெரிந்த நியாயப்படி சூப்பில் கொட்டிக் கலக்கினேன். இமோவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! குழம்பில் பாயசத்தை ஊற்றினவனைப் பார்க்கிற மாதிரி. ஒன்றும் பேசாமல் இன்னொரு கிண்ணம் முட்டை கொண்டுவந்தார். அதில் சூப் மூன்று ஸ்பூன் விட்டார், கடற்பாசித் தாளைக் கையால் நொறுக்கிப் போட்டார், "குடி" என்று சைகை காட்டினார். முட்டை முதலில் வயிற்றைத் தேற்ற, சூப் அப்புறம். மொத்தம் 8,000 வொன். கெடுத்த முட்டைக்குக் காசு வாங்கவில்லை.

மத்தியானம் நான் தங்கிய சந்திலேயே ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடையைக் குறி வைத்திருந்தேன். போனால் கதவில் காகிதம்: இன்று கிம்ஜாங், விடுமுறை. குளிர்காலத்துக்கு மொத்தமாகக் கிம்சி போடும் நாள். பக்கவாட்டு முற்றத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, எட்டிப் பார்த்தேன். ஆறேழு பெண்கள், இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன், ஆள் உட்காரும் அளவுக்குச் சிவப்பு ரப்பர் தொட்டிகள். உப்பில் ஊறித் துவண்ட நீள முட்டைக்கோசு நூற்றைம்பது என்று விரலில் காட்டினார்கள். வெயில் கடுமையாக அடித்ததால் செப்டம்பரில் கோசு விலை தாறுமாறாக ஏறி, இப்போதுதான் இறங்கியிருக்கிறது. அந்தச் சந்தோஷம் முற்றம் முழுக்கத் தெரிந்தது. ஓரத்தில் நாற்காலி போட்டு ஒரு பாட்டி. அவர் எந்த வேலையும் செய்யவில்லை, எல்லா வேலையையும் செய்ய வைத்துக்கொண்டிருந்தார்.

வாசனை பழைய கருவாட்டு மண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கிச் சீவல், பசையரிசிக் கஞ்சி, அதோடு உப்பில் புளித்த நெத்திலியும் பொடி இறாலும். இந்தப் பகுதி ஜொல்லா. மற்ற ஊரைவிட மீன் உப்பு இங்கே தாராளம்.

ஒரு அம்மா கோசு இலையில் மசாலாவைச் சுற்றி, வேகவைத்த பன்றிக்கறித் துண்டு ஒன்றை உள்ளே வைத்து, கையுறைக் கையாலேயே என் வாய்க்கு நேராக நீட்டி "ஆ…" என்றார். நாற்பத்தாறு வயசில் தெரு முற்றத்தில் நின்று ஆ காட்டினேன். கண்ணில் தண்ணி. காரம்தான்.

பிறகு எனக்கும் ஒரு ஜோடி கையுறை கிடைத்தது. வேலை சுலபமாகத் தெரிந்தது. இலைக்கு இலை மசாலா தடவி, வெளி இலையால் கட்டிச் சுருட்டி வைப்பது. ஐந்து கோசு முடித்து நிமிர்ந்தால், பாட்டி என் கோசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நான் இலை நுனியில் அப்பியிருக்கிறேன். தடிமனான தண்டுப் பக்கம்தான் மசாலா சேர வேண்டும், நுனிக்குக் கையில் ஒட்டினதைத் தடவினாலே போதும். பாட்டி என் கையைப் பிடித்துத் தண்டில் வைத்து அழுத்தினார். ஆறாவது கோசை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அது தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கூட்டு வேலையையும் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பாட்டியிடம் போனில் காட்டினேன், ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த தொட்டியைத் தள்ளச் சொன்னார்.

கிளம்பும்போது ஒரு டப்பா கிம்சியை மூன்று கவரில் சுற்றிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொரியன் தெரியாது.

நவம்பர் 24, ஞாயிறு – புசான்

குடும்பக் கடைகள் பலவற்றுக்கு ஞாயிறு விடுமுறை. சாயங்காலம் புசானில் இறங்கி நாலு தெரு நடந்தேன், நாலிலும் ஷட்டர். ஒரு கடையின் பட்டியலைப் போன் "கரடி சூப்" என்று மொழிபெயர்த்தது. மாட்டெலும்பு சூப்புக்குக் கோம்தாங் என்று பேர், கோம் என்றால் கரடியும்கூட. அந்தக் கரடிக்கடையும் மூடித்தான் இருந்தது. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கப் நூடுல்ஸ், தொட்டுக்கொள்ள டப்பாவிலிருந்து கிம்சி. அறை முழுக்க வாசம் பிடித்துக்கொண்டது. சாம்பிராணி போடுகிற மாதிரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போனில் மனைவி: "ஏங்க, சாப்ட்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன். "என்ன சாப்ட்டீங்க?" அந்த இரண்டாவது கேள்வியைக் கொரியர்கள் கேட்பதில்லை, அதுவரைக்கும் நல்லது.

நவம்பர் 25, திங்கள் – புசான்

சொம்யொன் சந்தையில் தேஜி குக்பாப் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பன்றி எலும்பை வெள்ளையாகக் கொதிக்கவிட்ட சூப், அதில் சோறு, மெல்லிசாக வெட்டின கறி. வாசலிலேயே அண்டாக்கள், தெரு முழுக்க ஆவி. சூப்பில் உப்பே இல்லை. மேசையில் உப்பில் ஊறிய பொடி இறால் வைத்திருக்கிறார்கள். நம்மூர் சென்னாக்குன்னியை ஊறவைத்த மாதிரி. அதைத்தான் உப்புக்குப் பதில் போட வேண்டும். நான் ஒரு ஸ்பூன் நிறைய எடுத்தேன், எதிர் மேசைப் பெரியவர் "ஓ ஓ ஓ" என்று கத்தினார். கால் ஸ்பூன் போதும். பூண்டுத்தாளில் மிளகாய்த்தூள் பிசறிய கிண்ணத்தை முழுசாகக் கவிழ்க்கச் சொன்னவரும் அவரே. 9,500 வொன், நெற்றி வியர்த்தது.

புசான்காரர்கள் பேசினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. இமோ சமையற்கட்டைப் பார்த்துக் கத்த, உள்ளேயிருந்து கணவர் திருப்பிக் கத்த, நான் பயந்துபோய்ப் பார்த்தால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் மில்மியோன். கோதுமை நூடுல்ஸ், ஐஸ் மிதக்கும் சூப்பில். வெளியே ஆறு டிகிரி, உள்ளே எல்லோரும் ஐஸை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். 1950இல் போர் வந்தபோது வடக்கிலிருந்து ஓடி வந்த ஜனங்கள் புசானில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். அவர்கள் ஊர்ச் சாப்பாடு பக்வீட் என்கிற தானியத்தில் செய்யும் நூடுல்ஸ். அது இங்கே கிடைக்கவில்லை, அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவுதான் கிடைத்தது. அதை வைத்து ஊர் ஞாபகத்தைப் பிசைந்தார்கள். வடக்கே குளிர்காலத்தில்தான் அதைச் சாப்பிடுவார்களாம், அதனால் நவம்பரில் ஐஸ் என்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. வாட்டருக்குப் பதில் கெட்டிலில் சுடச்சுட எலும்புச் சூப் வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் என் பல் கழன்றிருக்கும்.

கடைக்கார அம்மா கத்தரிக்கோலோடு வந்தார். நூடுல்ஸை வெட்டவா என்கிறார். வெட்டாமல் இழுத்துச் சாப்பிடுவதுதான் முறை என்று எங்கோ படித்திருந்தேன், கெத்தாக வேண்டாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நடுவில் ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 26, செவ்வாய் – புசான், சியோல்

மழை, காற்று. குடை இரண்டாவது நிமிடத்திலேயே மலர்ந்துவிட்டது. ஜகல்ச்சி மீன் சந்தையில் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள் எனக்கு உயிரோடு ஆக்டோபஸ் விற்கப் பார்த்தார்கள். பொரித்த மீன் மூன்று தினுசு, சோறு, 12,000 வொன். எலும்பை நான் நோண்டிக்கொண்டிருந்ததைப் பொறுக்க மாட்டாமல் கடைக்காரரே குச்சியால் ஒரே இழுப்பில் முள்ளைத் தனியாக எடுத்துப் போட்டார். காசிமேடு மீன் தின்று வளர்ந்தவன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

நவம்பர் 27, புதன் – சியோல்

காலையில் திரைச்சீலையை விலக்கினால் ஊரைக் காணோம்.

பனி. நவம்பரில் இவ்வளவு பனி சியோலில் நூறு வருஷத்துக்கு மேல் பதிவேட்டில் இல்லையாம். இலையுதிர்காலம் நீண்டு போனதால் ஜின்கோ மரங்களில் மஞ்சள் இலை இன்னும் கொட்டவில்லை. மஞ்சளுக்கு மேல் வெள்ளை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஈரப் பனியின் கனம் தாங்காமல் கிளை முறிந்து நடைபாதையில் விழும்வரை. என் காலில் கேன்வாஸ் ஷூ. இருபதாவது அடியில் சாக்ஸ் நனைந்துவிட்டது.

நம்தேமுன் சந்தைக்குப் போனேன். வழியில் ஒரு அம்மா தலையில் நாலு அடுக்குச் சாப்பாட்டுத் தட்டு, மேலே செய்தித்தாள் மூடி, கையால் பிடிக்காமல் பனிச் சேற்றில் நடந்து போகிறார். கடைகளுக்குச் சாப்பாடு கொண்டு போகிறவர். நான் வெறும் தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

சந்தைக்குள் ஒரு ஒடுக்குச் சந்து, முழுக்கக் கல்ச்சி ஜோரிம் கடைகள். ஜோரிம் என்றால் காரக்குழம்பு சுண்டக் காய்ச்சியது. கல்ச்சி வேறொன்றுமில்லை, நம் வாளை மீன். கொரியனில் "கல்" என்பது கத்திக்குப் பழைய சொல். நாம் வாள் என்றோம், அவர்கள் கத்தி என்றார்கள். அந்த வெள்ளிப் பட்டையைப் பார்த்த எவனுக்கும் வேறு பேர் தோன்றாது போலிருக்கிறது.

நசுங்கிய அலுமினியச் சட்டிகள் வரிசையாக வாசல் அடுப்பில் கொதிக்கின்றன. உள்ளே யாருமே இல்லை. இமோ டிவியில் பனிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் விரலைத் தூக்குவதற்கு முன்னால் நானே இரண்டு விரல் காட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "இ இன்புன்." இரண்டு பேர் சாப்பாடு. இமோ என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இன்னொரு ஆளைத் தேடுகிறார்.

"ஹொன்ஜா?"

ஆமாம், தனியாகத்தான், ஆனால் இரண்டு பேர் சாப்பாடு. மறுபடி இரண்டு விரல்.

இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் ஏறிப் பெருக்கல் குறியானது. "ஆன் தேயோ!" தனி ஆள் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட முடியாது, வீணாகும், முடியாது.

ஒரு சின்னச் சட்டி வந்தது. அடியில் முள்ளங்கி, ஒரு அங்குல தடிமன், குழம்பின் சிவப்பு நடு வரைக்கும் ஏறியிருந்தது. மேலே மூன்று துண்டு வாளை. மிளகாய், பூண்டு, கொஞ்சம் இனிப்பு. புளி இல்லாத மீன்குழம்பு என்று மனசு ஒரு குறை சொல்லிப் பார்த்தது, முள்ளங்கியைத் தின்றதும் வாயை மூடிக்கொண்டது. அந்தச் சட்டியில் மீனுக்கு மரியாதை, ருசி முள்ளங்கிக்கு. பக்கத்தில், ஆவியில் வெந்து மண்கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டிப் பொங்கிய முட்டை. 13,000 வொன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இமோ குனிந்து என் ஷூவைக் காட்டி ஏதோ திட்டினார். கழற்றச் சொல்கிறார். சட்டித் தட்டுகளை மூடுகிற அதே செய்தித்தாளைக் கசக்கி இரண்டு ஷூவுக்குள்ளும் திணித்து, ஹீட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அதற்குள் எழுந்து போக முடியாதே. ஒன்றரை மணி நேரம் வெறுங்காலோடு உட்கார்ந்து இரண்டு பேரும் பனிச் செய்தி பார்த்தோம்.

நவம்பர் 28, வியாழன் – இன்சொன் விமான நிலையம்

பனி நிற்கவில்லை. விமானம் முதலில் மூன்று மணி நேரம் தாமதம் என்றார்கள், அப்புறம் ஆறு, அப்புறம் பலகையில் நேரமே இல்லை. கவுன்ட்டரில் இருந்தவர்கள் தலை குனிந்து வணங்கினார்கள், தகவல் சொல்லவில்லை. தரையெல்லாம் ஜனங்கள் படுத்திருந்தார்கள்.

என் கவலை வேறு. கிம்சி டப்பா. ஐந்து நாளில் ஃபிரிஜ்ஜுக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி இருந்ததில் புளித்து, மூடி பூரி மாதிரி உப்பிவிட்டது. கைப்பையில் விட மாட்டார்கள். பெட்டியில் வைத்தால் நடுவானில் வெடித்துச் சட்டையெல்லாம் சிவக்கும். காற்றை மட்டும் விடலாம் என்று கவரைப் பிரித்து, மூடியின் ஒரு மூலையைத் தூக்கினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். முற்றம், தொட்டி, பாட்டி எல்லாம் அந்த மூலை வழியாக வெளியே வந்துவிட்டார்கள். நாலு வரிசை தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

பக்கத்து நாற்காலியில் எழுபது வயதுப் பாட்டி, கண்ணை மூடிப் படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பதற்காகக் கை கூப்பினேன். அவர் கையைக் கண்டுகொள்ளவில்லை, டப்பாவைப் பார்த்தார். நீட்டினேன். விரலால் ஒரு இலையைக் கிழித்து வாயில் போட்டு, மேலே பார்த்துக்கொண்டு மென்றார்.

"ஜொல்லாதோ?" என்றார். ஜொல்லா மாகாணமா?

ஆமாம் என்று தலையாட்டினேன். நானும் போட்டதாக்கும் என்று கையுறை மாட்டித் தடவுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. இன்னொரு இலையைக் கிழித்து, இந்தத் தடவை தண்டுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பையைத் துழாவி இரண்டு ஆரஞ்சு எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.